மூன்றாம் தெருவில் கப்பல் போக்குவரத்து

மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவது அரசாங்கத்தின் கருணை. விடுமுறை விட்ட பிள்ளைகளை என்ன செய்வது என்பது தாய்மார்களின் தலையெழுத்து. வெள்ளானூர் பக்கம் லேக் பேர்ல் அவென்யூ மூன்றாம் தெருவில் குடியிருந்த திருமதி ஆக்னஸ், தன் தலையெழுத்தைப் பழைய செய்தித்தாளையும் மைதாப் பசையையும் வைத்துச் சமாளித்து வந்தாள்.

அவள் கணவன் அமல்ராஜ் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். மழை என்பதால் வீட்டிலிருந்தே வேலை. அதாவது படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் இல்லாமல் இருப்பது. பிள்ளைகள் இருவர். ஆன்சன் இரண்டாம் வகுப்பு, ரெனிதா எல்.கே.ஜி. காலையிலிருந்து தீப்பெட்டியில் ரயில் செய்தாயிற்று. துணி கிளிப்புக்குப் பல் வரைந்து முதலை ஆக்கியாயிற்று. வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டு ஹால் சுவர் முழுக்கப் பூப்பூவாக அச்சுக் குத்தியாயிற்று. அதற்கு மேல் கையில் மிச்சம் இருந்தது காகிதமும், வாசலில் மிச்சம் இருந்தது தண்ணீரும்தான். ஆக்னஸ் கப்பல் செய்யக் கற்றுக்கொடுத்தாள்.

வாசல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவுக்கு வடிகால் கட்டியவர்கள் அதைத் தெருவைவிட உயரமாகக் கட்டிவிட்டார்கள். ஆகவே தெருத் தண்ணீர் வடிகாலுக்குப் போகவில்லை. வடிகால் தண்ணீர் தெருவுக்கு வந்தது. குடியிருப்போர் சங்கம் புகார் கொடுக்கும்போதெல்லாம், 'தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது' என்று போனுக்குச் செய்தி வந்துவிடும். தண்ணீருக்குள் நின்றபடியே அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் போவார்கள்.

எதிர்வீட்டு ரேஷ்மா அன்றைக்கு வாசலுக்கு வந்தவள், கப்பல்களைப் பார்த்துச் சொக்கிப்போனாள். குழந்தைகள் செல்போன் பார்க்காமல் வளர்வது எப்படி என்று தாய்மார்களுக்குச் செல்போனில் சொல்லிக்கொடுப்பவள் அவள். பின்தொடர்பவர்கள் ஏராளம்.

"ஆக்னஸ், சூப்பர்! ஆனா பேப்பர் கொஞ்சம் பழுப்பா இருந்தா இன்னும் இயற்கையா இருக்கும். டீ டிகாக்‌ஷன்ல நனைச்சுக் காய வைக்கிறீங்களா?"

"இந்த மழையில எங்கங்க காய வைக்கிறது?"

"சரி விடுங்க, நான் ஃபில்டர் போட்டுக்கறேன்."

பிள்ளைகள் கப்பல் விடுவதை அவள் வீடியோ எடுத்தாள். 'எளிமைக்குத் திரும்புவோம்' என்று தலைப்புப் போட்டாள். அது காட்டுத்தீயாகப் பரவியது. எத்தனையோ புகாருக்கு அசையாத ஜீப் ஒன்று மறுநாள் காலையில் மூன்றாம் தெரு முனையில் வந்து நின்றது.

அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதில் உதவி அலுவலராக இருப்பவர் செங்கல்வராயன். மிகவும் மரியாதை தெரிந்த மனிதர், தண்ணீரில் மட்டும் கால் வைக்க மாட்டார். அவருடைய உதவியாளன் தினேஷ் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்து கேட்டைத் தட்டினான்.

"மேடம், இங்க ஆக்னஸ்ன்றது யாரு? சார் ஜீப்புல கீறாரு. உங்கள இட்டாரச் சொன்னாரு."

கடைசியில் கடவுள் கண் திறந்தார் என்று ஆக்னஸ் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து போனாள்.

"வாங்க சார். இந்தத் தண்ணி விஷயமா எத்தனை தடவை..."

"தண்ணி இருக்கட்டும்மா. கப்பல் யாருது?"

"பிள்ளைங்களது சார்."

"கவுந்துச்சா?"

"இல்ல சார்."

"எங்கயாவது தட்டி நின்னுச்சா?"

"இல்ல சார். நாலாவது தெரு முனை வரைக்கும் நல்லாப் போச்சு." அதைச் சொல்லும்போது ஆக்னஸுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செங்கல்வராயன் பெருமூச்சு விட்டார். "அங்கதாம்மா சிக்கல். தேங்கிய நீர்னா தேங்கி நிக்கணும். இது ஓடுது. ஓடுறதோட இல்லாம கப்பலையும் ஓட்டுது. எங்க பிரிவு தேங்கிய நீரை மட்டும்தான் பார்க்கும். கப்பல் போக்குவரத்து நடக்குற தண்ணி நீர்நிலை. அது எங்க கையில இல்ல."

"சார், அது பேப்பர் கப்பல்!"

"விதியில கப்பல்னுதான் இருக்கு. எதுல செஞ்ச கப்பல்னு இல்ல."

"வடிகால உயரமாக் கட்டி வெச்சிருக்காங்களே, அதையாவது பாருங்க சார்."

அவர் முகம் மலர்ந்தது. "எனக்கும் அது ரொம்ப நாளாக் குழப்பமாத்தான் இருந்துச்சு. இப்பத் தெளிஞ்சுபோச்சு. நீர்நிலைக்குக் கரை உயரமாத்தானேம்மா இருக்கணும்? எழுதிக்கோ தினேஷ். கரை நல்ல நிலையில் உள்ளது. குடியிருப்பின் பெயரிலேயே லேக் என்ற ஒப்புதல் உள்ளது."

ஜீப் போய்விட்டது. ஆக்னஸ் வீடு திரும்புவதற்குள் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. தீர்வு காணப்பட்டதாம்.

தீர்வு என்னவென்று அடுத்த வாரம் தெரிந்தது. மூன்றாம் தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'நீர்நிலையின் நடுவே தாங்கள் எழுப்பியுள்ள கட்டுமானத்தை ஏன் அகற்றக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.'

ஆக்னஸ் நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். திண்டுக்கல்லிலிருந்து வந்து, வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் சொந்தமாக நாலு சுவர் என்று உட்கார்ந்த இடம் அது. சுவரிலிருந்த வெண்டைக்காய்ப் பூக்களைத் துடைக்கலாம் என்று துணியை நனைத்து வைத்திருந்தாள். துடைக்காமல் துணியைக் கீழே போட்டாள்.

அன்று மாலையே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. காய்ந்த இடம் செயலாளர் திருவேங்கடம் வீட்டில் தகரக் கூரை போட்ட மொட்டைமாடி ஒன்றுதான். அவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஓய்வு பெற்றும் எழுத்து அவரை விடவில்லை.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! காலங்காலமாக வெறும் சாக்கடைத் தண்ணீரில் நிம்மதியாக வாழ்ந்துவந்த நம்மை, இன்று ஏரியில் வாழ வைத்த பெருமை யாரைச் சாரும்?"

எல்லோரும் ஆக்னஸைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ரேஷ்மாவும் பார்த்தாள்.

"நான் கப்பல்தான் விட்டேன். வீடியோ போட்டது இவங்க!" என்றாள் ஆக்னஸ். "அதையாவது எடுத்துடுங்க ரேஷ்மா."

"இப்பத்தான் நல்லாப் போய்க்கிட்டிருக்கு ஆக்னஸ். ஃபின்லாந்துல எல்லாம் பார்க்கிறாங்க. அவங்க மனசு கஷ்டப்படாதா?"

"அமல்ராஜ் சார், நீங்க சொல்லுங்க" என்றார் திருவேங்கடம்.

அமல்ராஜ் ஒரு விரலைத் தூக்கினான். "ஒரு நிமிஷம். நான் வேற மீட்டிங்ல இருக்கேன்."

நீண்ட விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குடியிருப்பில் உள்ள சிறுவர் சிறுமியர், மிதக்கும் தன்மையுடைய எந்தப் பொருளையும் செய்யவோ, வைத்திருக்கவோ, விடவோ கூடாது. பிளாஸ்டிக் வாத்துகள் பறிமுதல் ஆயின. செருப்பும் மிதக்கும் என்று ஒருவர் எடுத்துச் சொன்னதால் வாசலில் செருப்பு விடுவதும் தடை செய்யப்பட்டது. கூட்டம் முடிந்ததும் அனைவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கலைந்தார்கள்.

இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்று ஆக்னஸுக்குத் தெரிந்தது. மறுநாள் பிள்ளைகளை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இழுத்துக்கொண்டு செங்கல்வராயனின் அலுவலகத்துக்கே போய்விட்டாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். ரெனிதாவுக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார்.

"சார், அது தெரு சார். பத்திரத்துல தெருன்னுதான் இருக்கு."

"இருக்கலாம்மா. ஆனா இப்பக் கப்பல் ஓடியிருக்கே? தெருன்னு மாத்தி எழுதணும்னா அதுல வண்டி போக்குவரத்து நடக்கணும். ஒரு பஸ் ஓடினாப் போதும், கையெழுத்துப் போட்டுடுவேன்."

"முழங்கால் தண்ணியில பஸ் எப்படி சார் ஓடும்?"

"அது உங்க பாடு. கப்பல் விட்டப்போ எங்களைக் கேட்டா விட்டீங்க?"

ஆக்னஸ் எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சார், பஸ் எதுல செஞ்சதா இருக்கணும்னு விதியில போட்டிருக்கா?"

செங்கல்வராயன் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் புரட்டினார். "போடலை" என்றார். அவர் குரலில் முதல்முறையாக ஒரு பயபக்தி இருந்தது. "வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்மா."

செய்தி தெருவில் பரவியதும் லேக் பேர்ல் அவென்யூ தொழிற்பேட்டையாக மாறியது. பார்சல் வரும் அட்டைப்பெட்டிக்கு அங்கே எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. பிள்ளைகள் பெட்டியை வெட்டி ஜன்னல் வைத்தார்கள். பாட்டில் மூடிகள் சக்கரமாயின. சட்டை வாங்கிய கவர் முன்கண்ணாடி ஆயிற்று. ஒரு பகல் முழுக்க அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அப்புறம்தான் அப்பாக்கள் வந்து பார்த்தார்கள்.

"என்னடா இது கோணலா? அதிகாரி பார்க்கப் போறார். இதையா வைக்கிறது?" என்று அமல்ராஜ் ஆன்சனிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டான். ஹெட்போனையே கழற்றிவிட்டான். ஆக்னஸ் அவன் காதை முழுசாகப் பார்த்து நாளாகியிருந்தது.

தெர்மகோல் வந்தது. அளவுகோல் வந்தது. ஹெட்லைட்டுக்குச் சீரியல் பல்பு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அப்பா வேலை செய்ய, பிள்ளைகள் தொடாமல் தள்ளி நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். 'உங்கள் குழந்தையின் கைவண்ணத்தில் பேருந்து' என்று ரேஷ்மா நடத்திய வகுப்பில் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி. ரெனிதா அழுது புரண்டதில், யாருக்கும் வேண்டாத, மசாலா வந்த சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை ஆக்னஸ் அவளிடம் கொடுத்தாள். அவள் அதில் தன் இஷ்டத்துக்குப் பசையைப் பூசிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. மூன்றாம் தெரு முழுக்க அப்பாக்கள் பஸ்ஸும் கையுமாகத் தண்ணீரில் நின்றார்கள். திருவேங்கடம் விசில் ஊதினார். பஸ்கள் இறங்கின.

இறங்கியவை எல்லாம் மிதந்தன. தெர்மகோல் அல்லவா! விளக்கெரிய, வரிசையாக, ஒய்யாரமாக மிதந்து போயின.

"இன்னா சார் இது, அல்லாம் மெதக்குது?" என்றான் தினேஷ்.

"மிதந்தா அது கப்பல்பா" என்றார் செங்கல்வராயன் துக்கத்தோடு. "எழுதிக்கோ. கப்பல் போக்குவரத்து முன்னைவிட அதிகரித்துள்ளது."

திருவேங்கடத்தின் வாயிலிருந்து விசில் விழுந்தது. அப்போது ரெனிதா தன் மசாலாப் பெட்டியைத் தண்ணீரில் வைத்தாள். அதற்கு அடிப்பாகம் வைக்கவே அவள் மறந்திருந்தாள். பசையில் ஊறிக் கனத்திருந்த அது, வைத்த மாத்திரத்தில் பொட்டென்று தரையில் உட்கார்ந்தது. கட்டியிருந்த கயிற்றை அவள் பிடித்து இழுக்க, தெருவின் குண்டு குழிகளில் எல்லாம் ஏறி இறங்கிக் குலுங்கிக் குலுங்கி வந்தது.

செங்கல்வராயன் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். "குழியில விழுந்து குலுங்குதா?"

"ஆமா சார்! ரொம்பக் குலுங்குது சார்!" என்று கத்தினாள் ஆக்னஸ்.

"அப்ப அது பஸ்ஸேதான். இது தெருவேதான்."

கைதட்டல் வானைப் பிளந்தது. நோட்டீஸ்கள் அங்கேயே ரத்தாயின. திருவேங்கடம் அதிகாரிக்கு மாலை போட்டார். மாலை வாங்கிய மகிழ்ச்சியில் அவர் இன்னொரு உத்தரவும் போட்டார். பஸ் ஓடும் அளவுக்குத் தெரு சிறப்பாக இருப்பதால், தண்ணீர் தேங்குவதாக இனி வரும் புகார்கள் ஏற்கப்படமாட்டா. ஆவடிக்கு ஒரு மினி பஸ் கேட்டுச் சங்கம் கொடுத்திருந்த மனுவும், இத்தடத்தில் ஏற்கெனவே பேருந்து இயங்குவதால் நிராகரிக்கப்பட்டது. அதற்கும் கைதட்டினார்கள். வீடு தப்பியதல்லவா!

மறுநாள் தெரு முனையில் பெரிய பேனர் கட்டினார்கள். செங்கல்வராயன் சிரித்தார், திருவேங்கடம் கும்பிட்டார், அமல்ராஜ் தெர்மகோல் பஸ்ஸைக் கையில் ஏந்தி நின்றான். ரெனிதாவின் படத்துக்கு இடம் போதவில்லை.

மழை விட்டபாடில்லை. பள்ளிக்கூடமும் திறந்தபாடில்லை. அடுத்த வாரம், தூறல் சற்று நின்ற நேரத்தில் ஆக்னஸ் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. எதிர்வரிசையில் இரண்டு வீடு தள்ளி, நிவேதிதாவின் மகன் விஷால் காகிதத்தில் ஏரோப்ளேன் செய்து விட்டுக்கொண்டிருந்தான்.

துணியைப் போட்டது போட்டபடி கிடக்க, ஆக்னஸ் தண்ணீரில் தடதடவென்று ஓடி அந்த மாடிக்கு ஏறினாள். அவன் கையிலிருந்த ஏரோப்ளேனைப் பிடுங்கிக் கசக்கினாள். சத்தம் கேட்டு நிவேதிதா ஓடி வந்தாள்.

"என்ன நிவேதிதா, பார்த்துக்கிட்டே இருக்கீங்க? ஏர்போர்ட்டுன்னு எழுதிட்டாங்கன்னா எங்கே போறது?"

நிவேதிதா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, எனக்குத் தோணவே இல்லையே! மன்னிச்சுக்குங்க. இனிமே இவன் கையில பேப்பரே குடுக்க மாட்டேன். செல்போனைக் குடுத்து உட்கார வெச்சுடறேன்."

"அதுதான் பாதுகாப்பு" என்றாள் ஆக்னஸ்.

பையனின் அழுகை நிற்கும்வரை இருந்து பார்த்துவிட்டு, கசக்கிய காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் கீழே இறங்கினாள். முழங்கால் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அதில் கால் வைப்பதற்கு முன் ஒரு கணம் நின்றாள். பஸ் ஏதாவது வருகிறதா என்று இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.