ஆப்பு இறங்கு படலம்

உலகம் தோன்றிய நாள்தொட்டு இதுவரை பிளக்கப்பட்ட விறகு அத்தனையும் தவறாகவே பிளக்கப்பட்டது என்னும் பேருண்மையை மனித குலத்துக்கு முதன்முதலாக எடுத்துரைத்தவர், போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் இயங்கும் சிறு ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் தலைவர் திருவாளர் பாண்டித்துரை அவர்களே. இவ்வுண்மை அவருக்குப் போடியில், முடிதிருத்தும் நாற்காலியில், கைப்பேசித் திரை வழியே தரிசனமாயிற்று. திரையில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு பித்தானைத் தொட்டார். பெரிய மரத்தடி ஒன்று மறுபேச்சின்றி இரண்டாயிற்று. தலைவருக்கு அப்போது ஒரு கன்னம் மட்டுமே மழிக்கப்பட்டிருந்தது. அப்படியே எழுந்து ஜீப்பு ஏறிவிட்டார். புரட்சிகள் மறு கன்னத்துக்காகக் காத்திருப்பதில்லை.

சங்கத்துக்கு ஒரு பொது ஸ்டோர் உண்டு. ஸ்டோர் என்றால் கடை அன்று. பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகடுப்பின் சூட்டில் உலர்த்தும் கட்டடம். பறித்த காய் மறுநாளுக்குள் சூடு காண வேண்டும். தவறினால் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடி ஏலத்தில் எந்த வியாபாரியும் மோந்துகூடப் பார்க்க மாட்டார். அடுப்பின் வாயோ குறுகியது. முழுத் தடி நுழையாது. ஆகவே அமாவாசை என்பவர் நாள்தோறும் கோடாரியால் தைலமரத் தடிகளைப் பிளந்து போட்டு வந்தார். முடிச்சு விழுந்த தடியானால் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்குவார். இந்தக் காட்டுமிராண்டித்தனம் பல்லாண்டுகளாக எவருடைய மனச்சான்றையும் உறுத்தாமல் நடந்து வந்தது.

தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“கையால விறகு பிளக்குறது மனித உரிமை மீறல்,” என்றார்.

“யாரு உரிமைண்ணே?” என்று அமாவாசை கேட்டார்.

“உன் உரிமைதான்ப்பா.”

“எனக்கு ஒண்ணும் மீறலையேண்ணே.”

“மீறுறது உனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் தலைவர்னு ஒருத்தன் இருக்கேன்.”

உரிமை மீட்கப்பட்டது. ஹைட்ராலிக் விறகு பிளக்கும் மிஷின் வாங்குவதென்றும், அமாவாசையைப் ‘பிளவு இயக்குநர்’ ஆக உயர்த்துவதென்றும், இயக்குநரிடம் சங்கத்தின் கைப்பேசியை ஒப்படைப்பதென்றும், மேலிடத்து உத்தரவுகளை இயக்குநர் கேள்வி கேட்கலாகாதென்றும் தீர்மானமாயிற்று. இனி உட்கார்ந்துகொண்டே சோலி பார்க்கலாம் என்றறிந்த அமாவாசை, தீர்மானத்துக்குத் தாமே இருமுறை கைதட்டினார்.

முகம் சுளித்தவர் ஒருவரே. அவர் வீரலட்சுமி, தலைவருடைய அண்ணன் மனைவி. இரண்டு பருவம் மழை ஏமாற்றிய பிறகு, அந்த ஆண்டுதான் அவருடைய துண்டு நிலத்துச் செடிகள் தலைநிமிர்ந்து காய்த்திருந்தன.

“மிஷினு வரட்டும் கொழுந்தனாரே. அது ஒழுங்கா ஓடுற வரைக்கும் கோடாலி ஒரு மூலையில கிடக்கட்டும். சோறா கேக்குது?”

“ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்கக் கூடாது மதினி.”

“ரெண்டுல ஒண்ணாச்சும் வெட்டணும்ல?”

முன்னேற்றத்தின் எதிரிகள் எக்காலத்தும் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள் என்பதை எண்ணித் தலைவர் புன்னகைத்தார்.

மிஷின் பெரிய மரப்பெட்டிக்குள் கொலுவிருந்தபடி கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து சேர்ந்தது. அதற்கு முழு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு வாரமாக விறகு பிளப்பு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மூங்கில் வளைவு, பலகை மேடை, தலைவருக்குத் தேக்கு நாற்காலி என எதற்கும் குறைவில்லை. முதல் நாள் பறித்த வீரலட்சுமியின் பச்சைக்காய் முழுவதும் தட்டுகளில் ஏறி, சூட்டுக்குக் காத்திருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் தலைவர் பேசத் தொடங்கினார்.

“ஒரு காட்டுல மரமெல்லாம் கோடாலியைப் பாத்து நடுங்குச்சாம். அப்ப ஒரு கிழட்டு மரம் சொல்லுச்சாம்: ‘இரும்பு நம்மளை என்ன செய்யும்? அதுக்குக் காம்பா நிக்கிறான் பாருங்க, நம்ம சாதிக்காரன், அவனுக்குப் பயப்படுங்க.’ சொந்தக் குலத்தையே வெட்டக் குடுத்த அந்தக் காம்புக்கு இன்னைக்குத் தண்டனை.”

இவ்வாறு நீதி வழங்கி, சங்கத்துக் கோடாரிகள் அனைத்தின் காம்புகளையும் கழற்றி அடுப்பிலிட்டுத் தம் கையாலேயே தீ மூட்டினார். இரும்புத் தலைகள் பழைய இரும்புக்கடைக்கு ஜீப்பில் ஏறின. ஆப்பையும் சம்மட்டியையும் ஆயுதம் என்று எவரும் மதிக்காததால் அவை தப்பின.

பிறகு பித்தானைத் தொட்டார். மிஷினில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வேறொன்றும் நிகழவில்லை. மீண்டும் தொட்டார். விளக்கு, தான் எரிவதே போதாதா என்பதுபோல் எரிந்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டு டவரும் கேரள டவரும் ‘நீ பேசு, நீ பேசு’ என்று ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் இடம் அது. தலைவரின் கைப்பேசி மேலே பாறை உச்சியில் மட்டுமே பேசும். சங்கத்தின் கைப்பேசியோ கேரள சிம் அட்டை போட்டது. பாறைக்குக் கீழே ஸ்டோரிலும் பேசும். அது இயக்குநரின் கையில் இருப்பதாக நம்பித் தலைவர் பாறை ஏறினார். விலையுயர்ந்த பொருளாயிற்றே என்று இயக்குநர் அதை வீட்டில் அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார் என்பதைத் தலைவர் அறியார்.

பாறையிலிருந்து தலைவர் கம்பெனிக்காரரைப் பிடித்தார்.

“சார், ஆப்பு எறக்கிட்டீங்களா? ஆப்பு எறக்கினாத்தான் மிஷின் ஓடும்,” என்றார் கம்பெனிக்காரர்.

செயலி என்று எழுதுவோர் உண்டு, பேசுவோர் இல்லை. பஸ் பஸ்சாகவும் ஜீப் ஜீப்பாகவும் ஆகும் நாட்டில், ஆப் ஆப்பாகத்தானே ஆக வேண்டும்?

“ஏப்பா அமாவாசை,” தலைவர் கீழ்நோக்கிக் குரல்கொடுத்தார். “மிஷினுக்கு ஆப்பு எறக்கணுமாம்.”

இயக்குநர் திகைத்தார். “மிஷினுக்காண்ணே?”

“மிஷினுக்குத்தான். வெரசா.”

“இன்னொருக்கக் கேளுப்பா,” என்றார் அருகில் நின்ற வீரலட்சுமி.

“கேள்வி கேட்டா தீர்மானம் இடிக்கும் ஆத்தா,” என்று சொல்லி இயக்குநர் சம்மட்டியை எடுத்தார். “பெருசாண்ணே, சின்னதா?”

தலைவர் கைப்பேசியில் விசாரித்துவிட்டுச் சொன்னார்: “பெருசுதானாம். எடத்தை நெறைய அடைக்குமாம்.”

“எங்ஙன வைக்கட்டும்?”

“பச்சை லைட்டு எரியுதுல்ல, அதுக்கு நேரா,” என்றார் தலைவர், கைப்பேசியை வைக்கும் இடத்தைக் கேட்பதாக எண்ணி.

டங்கென்று ஓர் ஓசை மலையில் எதிரொலித்தது. விழா மேளம் என்று தலைவர் மகிழ்ந்தார்.

“எறங்குதா?”

“பாதி எறங்கிருச்சுண்ணே. ஒரு மாதிரி முனகுது.”

“பாதியில நிறுத்தினா திரும்ப மொதல்லருந்து வரணும் சார்,” என்று கம்பெனிக்காரர் எச்சரித்தார்.

“பாதியில நிறுத்திராதப்பா. முழுசா எறக்கு.”

டங். டங்.

“எறங்கிருச்சுண்ணே.”

“எங்க சேவைக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்க சார்?”

“அஞ்சு,” என்றார் தலைவர், மனநிறைவோடு.

அவர் இறங்கி வந்தபோது, பச்சை விளக்கு இருந்த இடத்தில் ஆப்பின் தலை மட்டும் தெரிந்தது. மிஷினின் எண்ணெய் முழுவதும் மண்ணுக்குள் போயிருந்தது. ஆப்பை அசைத்த குரங்கின் வால் சிக்கிய கதையை நாம் அறிவோம். இங்கே ஆப்பை எவராலும் அசைக்கவே முடியவில்லை. ஆயினும் சங்கம் முழுவதும் சிக்கிக்கொண்டது.

“காம்பெல்லாம் கரியாகிருச்சு,” வீரலட்சுமி அடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “காய் உள்ள கிடக்கு. என்ன செய்யப் போறீக?”

“கம்பெனிக்கு மெயில் போடப் போறேன் மதினி.”

“மெயிலு எரியுமா?”

கோடாரி வெட்டிய வாய் இல்லாமல் சின்ன ஆப்பு எந்தத் தடியிலும் நிற்கவில்லை. கோடாரி இரவல் கேட்டுப் பக்கத்து ஸ்டோருக்கு ஆள் போயிற்று. விழா அழைப்பில் தலைவர் அவர்களைக் ‘கற்கால நண்பர்களே’ என்று அன்போடு விளித்திருந்தார். “கற்காலத்துக் கோடாலி உங்களுக்கு ஒத்துவராதுன்னு தலைவர்ட்ட சொல்லுங்க” என்று அதே அன்போடு பதில் வந்தது.

வீரலட்சுமி சேலையை இழுத்துச் செருகினார். முதலில் மிஷின் வந்த மரப்பெட்டியை உடைத்து அடுப்பில் போட்டார். பிறகு மூங்கில் வளைவு போயிற்று, மேடைப் பலகைகள் போயின, பெஞ்சுகள் போயின. ஒவ்வொன்றாய்த் தீக்குள் போவதைத் தலைவர் தேக்கு நாற்காலியில் அமர்ந்து, முடங்கிய மிஷினைத் தடவிக்கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்திரிங்க,” என்றார் மதினி.

“இது தலைவர் நாற்காலி மதினி.”

“காய்ஞ்ச தேக்கு கொழுந்தனாரே. நல்லா எரியும்.”

நன்றாகத்தான் எரிந்தது, ஆனால் போதவில்லை. மறுநாள் தட்டுகளை இறக்கியபோது பாதிக் காய் பச்சையாகவும் மறுபாதி நோயாளியின் நகம்போல் வெளுத்தும் இருந்தன. வீரலட்சுமி வெளுத்த காயை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். இரண்டு வறண்ட பருவங்களையும் தாங்கிய முகம், அப்போதுதான் சற்றே கோணிற்று.

விசாரணைக் கூட்டம் கூடிற்று. உட்கார ஒன்றும் மிஞ்சாததால் அனைவரும் நின்றார்கள். மிஷின் உலகத் தரமானது என்றும், முதல் நாளிலேயே தன் பெட்டியால் எரிபொருள் வழங்கிய மிஷின் வேறெங்கும் இல்லை என்றும் தலைவர் பாராட்டுரை வழங்கினார். குற்றம் இயக்குநருடையது, ஆகவே அமாவாசையை நீக்க வேண்டும் என்றார்.

“நீங்க எறக்கச் சொன்னதைத்தானேண்ணே எறக்கினேன்,” என்றார் அமாவாசை.

“பழைய கோடாலிக்கே போயிருவோம்ப்பா,” என்று பின்வரிசையில் எவரோ முனகினார்.

தலைவர் நிமிர்ந்தார். “அது நடக்காது. திரும்பிப் போற வழியையே அடைச்சுட்டேன். இந்த மலையில நம்ம சங்கத்துக்குன்னு ஒரு கோடாலிக்காம்புகூட மிச்சமில்ல. அத்தனையையும் என் கையாலயே எரிச்சுட்டேன்.”

வீரலட்சுமி கையிலிருந்த வெளுத்த காயை அவர் காலடியில் மெல்லக் கொட்டினார்.

“அத்தனையையும் எரிக்கலையே கொழுந்தனாரே. ஒண்ணு மட்டும் வேட்டி கட்டிக்கிட்டு எங்க முன்னாடி நிக்கிதே.”

அன்றைய கூட்டத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றே.