சருகு விளக்கு

உலகத்தைக் காப்பாற்றுவதென்று ஆய்வுக்கூடம் ஒருமனதாகத் தீர்மானித்தது. காப்பாற்றும் வேலை மட்டும் ஆய்வாளர் அக்காவின் தலையில் விழுந்தது. வாசல் மரத்தடியில் குவிந்த சருகை அள்ளிவந்து, காற்றுப் புகாத உலையில் கரியாக்கி, அந்தக் கரியில் பேட்டரிக்கு மின்முனை செய்தாள். சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அனுமதி கிடைத்தால் உலை தங்கும். கிடைக்காவிட்டால் அந்த அறை கூட்ட அறையாகிவிடும். இயக்குநர் திரைச்சீலைக்கு நிறம்கூடப் பார்த்துவைத்திருந்தார்.

அனுமதி தரவேண்டிய ஆய்வு அதிகாரி வந்தார். விளக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை, மரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள்னு சொல்றீங்க. ஆதாரம்?"

"இலை மறுபடி துளிர்க்கும் சார்."

"துளிர்க்கட்டும். பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

பழைய இலையும் புது இலையும் கலந்து ஆதாரம் கெட்டுவிடக் கூடாதே! உயர்மட்ட மேற்பார்வையில் மரம் மொட்டையடிக்கப்பட்டது, காவலும் போடப்பட்டது. அக்கா காலையும் மாலையும் மரத்தடியில் போய் நின்றாள். பெற்ற பிள்ளையைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை என்று வீட்டுக்காரர் குறைபட்டுக்கொண்டார்.

ஒருவழியாகத் துளிர் விட்டது. அதிகாரி வந்து ஒரு தளிரைக் கிள்ளிப் பார்த்தார்.

"இது வேற இலைம்மா. நீங்க எரிச்ச இலை எங்கே?"

ஐயம் தீர இன்னொரு முறை மொட்டையடிக்கலாம் என்று அதிகாரியின் குழு பெருந்தன்மையுடன் பரிந்துரைத்தது. அப்புறம் இன்னொரு முறை. மரத்தின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா, அது பட்டுப்போயிற்று. இம்மூலப்பொருள் புதுப்பிக்கத்தக்கதன்று என ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. உலையைத் தூக்கிப்போனார்கள். அக்கா தனியாகப் போய் அழுதுவிட்டு வந்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள்.

புதிய அறையில் முதல் கூட்டமே அவள் திட்டத்தை மூடத்தான். பாதியில் கரண்ட் போயிற்று. அக்கா தன் விளக்கைப் போட்டாள். எல்லார் முகமும் தெரிந்தது.

"நல்லா எரியுதே, எங்கே வாங்கினது?" என்றார் அதிகாரி.

"வாசல் மரத்து இலை சார்."

அவர் கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்தார். "அனுமதி இல்லாத பொருளாச்சே. அணைச்சிடுங்க."

அணைத்தாள். மூடுவதை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று இருட்டில் இயக்குநரின் குரல் கேட்டது. அக்கா தூக்கினாள். ஒரு கையும் கண்ணில் படாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் எழுந்தது. தூக்கிய கை வீணாகக் கூடாதென்று அக்காவும் தட்டினாள்.

மறுநாள் தேநீர் நேரத்தில் ஒவ்வொருவராக வந்து அவள் காதில் மட்டும் சொன்னார்கள்: "நான் கை தூக்கினேன் அக்கா." இயக்குநரும் சொன்னார்.