சிவப்பு மையும் மூன்று நாள் ஒத்திகையும்

மணி ஒன்பது பதினேழு. பதினேழு நிமிடம் தாமதம். வேறு யாராவது இந்த நேரத்துக்கு வந்திருந்தால் அவர் அந்த ஆளை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பார். வந்தது தானே என்பதால் பஸ்ஸைத் திட்டினார்.

நகரத்துக் கம்பெனியொன்றில் இருபத்திரண்டு வருடமாக அவர் நேரக் காப்பாளர். கேட்டை ஒட்டி ஒரு மேஜை, வருகைப் பதிவேடு, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா. ஒன்பது மணி ஒரு நிமிடம் ஆனால் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு. பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று ஓடிவந்தவனுக்கும் கோடு போட்ட மகானுபாவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘சிவப்பு மை’ என்பார்கள். அது தெரிந்தும், ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி பூரித்துப்போவார்.

குறை ஒன்றே ஒன்றுதான். ‘தலைமை’ என்ற வார்த்தையை அவர் பெயரோடு சேர்க்க மேனேஜருக்கு மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்கு ஒதுக்குப்புறமான புறநகரில் ஒரு குழாய்த் தொழிற்சாலை அவரைக் கூப்பிட்டது. தலைமை நேரக் காப்பாளர் பதவி. தனி அறை. கதவில் பெயர்ப்பலகை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“இன்டர்வியூல நான் பேசப் பேச, அந்த முதலாளி எழுதிக்கிட்டே இருந்தார் தெரியுமா?” என்று மனைவியிடம் நான்காவது முறையாகச் சொன்னார்.

“அதெல்லாம் இருக்கட்டும். பொண்ணு படிப்பு முடியுற வரைக்கும் வீட்டை மாத்த முடியாது. தினம் அவ்வளவு தூரம் போக முடியுமா? மூணு நாள் லீவு போட்டுப் போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றாள் அவள். அந்த வீட்டில் புத்தி இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

அப்படி ஆரம்பித்த ஒத்திகைதான் இது. முதல் நாள் திங்கட்கிழமையே பதினேழு நிமிடம்.

“யாருங்க? என்ன வேணும்?” என்றார் தொழிற்சாலைக் காவலாளி.

“சும்மா நேரம் பாக்க வந்தேன்.”

காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நோட்டை நீட்டினார். “பார்வையாளர் நோட்டுல கையெழுத்துப் போடுங்க.”

சிவப்பு மைக்குச் சுருக்கென்றது. “நான் என்ன விருந்தாளியா? இங்க தலைமை நேரக் காப்பாளரா வரப்போறவன்யா! ஸ்டாஃப் ரிஜிஸ்டரை எடு.”

“ஐயையோ, நீங்கதானா அது? உங்க பேரு சனிக்கிழமையே ஏறிடுச்சு சார்!” காவலாளி பயபக்தியோடு பெரிய பதிவேட்டை எடுத்து வைத்தார். உள்ளபடியே அவர் பெயர் இருந்தது, அதுவும் முதல் வரியில். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்துப் போட்டார், 9.17 என்று எழுதினார். பழக்க தோஷம், கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்துக் கோடும் போட்டுவிட்டது.

“அடேங்கப்பா! உங்களுக்கே போட்டுக்கிட்டீங்களா?”

“சட்டம்னா சட்டம்தான். உங்க முதலாளி காதுல போட்டு வை” என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை ரயிலில் போனார். ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து தொழிற்சாலைக்கு முக்கால் மணி நேர நடை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை; அவரும் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் கௌரவம் என்னாவது? ஒன்பது இருபத்தாறு. காவலாளி கண்கொட்டாமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை, போட்டுத் தொலைத்தார்.

புதன்கிழமை மைத்துனன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.

“குறுக்கு வழி ஒண்ணு இருக்கு மாமா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாம்.”

கண்ணை மூடித்தான் ஓட்டினான் போலிருக்கிறது. குறுக்கு வழி ஒரு கல் குவாரியில் போய் முடிந்தது. அங்கே டயர் பஞ்சர். இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பத்து அஞ்சு. கால்சட்டை முழுக்கச் சேறு.

“இன்னைக்கும் கோடு உண்டா சார்?” என்றார் காவலாளி ஆசையாக.

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “என்ன, ஒத்துவராதுதானே? பேசாம இருக்கிற வேலையைப் பாருங்க.”

“உனக்கு என்ன தெரியும்? யோசிச்சுப் பாரு. லேட்டா வர்றவனைக் குறிக்கிறது யாரு?”

“நீங்க.”

“என்னைக் குறிக்க எவன் இருக்கான்? வேலையில சேர்ந்துட்டா, நான் எப்ப வந்தா யாரு கேக்கப் போறா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு நிமிடத்துக்காக ஊரையே அழவைத்த மனுஷன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

வியாழக்கிழமை ராஜினாமாக் கடிதத்தை மேனேஜர் மேஜையில் வீசினார். “இங்க மனுஷன் அருமை யாருக்கும் தெரியல. நான் போனப்புறம் தெரியும்.” மேனேஜர் கெஞ்சுவார் என்று ஒரு நப்பாசை. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சிவப்பு மை கேட்டுக்கு வருவதற்குள், அவருடைய மேஜை இருந்த இடத்தில் யாரோ சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, சம்மதக் கடிதத்தோடு டாக்ஸி பிடித்துப் புறநகருக்குப் போனார். எட்டு நாற்பதுக்கே போய் நின்றார். கேட் திறக்கவில்லை.

“இன்னைக்கு நேரத்தோட வந்துட்டீங்க சார். ஆனா உங்களை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு” என்றார் காவலாளி, தலையைச் சொறிந்துகொண்டு. “மூணு நாளும் சிவப்புக் கோடு விழுந்திருக்கு. நேத்தே உங்க பேரை அடிச்சிட்டாங்க.”

“யோவ், நான் இன்னும் சேரவே இல்லையேய்யா!”

“ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கே சார். கோடும் உங்க கையாலதான் போட்டிருக்கீங்க.”

இருந்த வேலையும் நேற்றோடு போயிற்று. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “மூணு நாள் லேட்டானா வேலையை விட்டுத் தூக்குறதா? மனுஷன்னா நாலு கஷ்டம் இருக்காதா? எந்த மடையன்யா போட்டான் இப்படி ஒரு சட்டம்?”

காவலாளி சங்கடத்தோடு நெளிந்தபடி, சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார்.

“நீங்க இன்டர்வியூல சொன்னதைத்தான் முதலாளி அப்படியே அச்சடிச்சு ஒட்டியிருக்காரு சார், கீழ பாருங்க, கொட்டை எழுத்துல உங்க பேரு, தலைமை நேரக் காப்பாளர்னு.”