ஊழியர் எண் நாற்பத்தொன்றின் கல்

சமத்துவம் எங்கே பிறந்தது என்று அறிஞர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வீண் அலைச்சல். அது எங்கள் சட்டைத் தையல் கூடத்தில், வரவேற்பு மேசைக்கு இடப்பக்கம், ஒரு கம்பிக் கூண்டுக்குள் பிறந்தது. நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன்.

எங்களிடம் சட்டை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், "உங்கள் தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?" என்று கடிதம் எழுதிக் கேட்டிருந்தது. எங்களைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், மேலாளர் உடனே ஹாம்ஸ்டர் என்னும் குட்டி வளர்ப்பு எலி ஒன்றை வாங்கி வந்தார். தொழிலாளர்கள் அதைக் கடந்து போகும்போது மகிழ வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் நாற்பது பேர். அதற்கு நாற்பத்தொன்று என்று எண் கொடுத்து, கூண்டில் அடையாள அட்டையும் மாட்டினார்கள். கன்னம் இரண்டிலும் தீனியை அடக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததால், நாங்கள் அதைச் "சின்ன சார்" என்று அழைத்தோம். பெரிய சார் யார் என்று சொல்லத் தேவையில்லை.

நான் நூல் பிசிறு வெட்டுகிறவள். பள்ளியைப் பாதியில் விட்டாலும் கையெழுத்து மட்டும் என்னை விடவில்லை. ஆகவே சின்ன சாரின் பராமரிப்பும் பதிவேடும் என்னிடம் வந்தன.

எங்கள் கூடத்தில் இரண்டு பொன்விதிகள் உண்டு. ஒன்று, தண்ணீர் பட்டால் துணி கறையாகும் என்பதால் வேலை நேரத்தில் யார் பக்கத்திலும் தண்ணீர் இருக்கக் கூடாது. இரண்டு, கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் மேசையில் தொங்கும் மரக்கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டை ஒன்று. நாங்கள் நாற்பது. ஆளுக்கு ஷிஃப்டுக்கு ஒரு முறை. கணக்கு எவ்வளவு எளிமை பாருங்கள்!

சின்ன சாரின் தண்ணீர்ப் புட்டி சொட்டி மரத்தூள் நனைந்தது. மேலாளர் புட்டியைக் கழற்றச் சொன்னார்.

"டீ டைம்ல மட்டும் மாட்டு. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

எலும்பு பலப்படட்டும் என்று தினமும் கால்சியம் மாத்திரையையும் தன் கையாலேயே பொடித்துப் போட்டார். தாயுள்ளம்.

மூன்றாம் வாரம் சின்ன சார் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. முக்கி முக்கிப் பார்த்தது. தூள் விலகிய இடத்தில், அடியில் விரித்திருந்த வெள்ளைத்தாளில் சிவப்பாக இரண்டு சொட்டு. மேலாளர் முன்னால் எனக்கு வாய் எழாது. பதிவேட்டில் எழுதி நீட்டினேன். சட்டை வாங்கும் நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வெளிநாட்டு மேடம் வர இரண்டு மாதம்கூட இல்லை. அவசரக் கூட்டம் கூடி, மிருக டாக்டர் வரவழைக்கப்பட்டார்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சுது?"

"நேத்து டீ டைம்ல, டாக்டர்," என்றார் மேலாளர்.

"பகல் முழுக்கத் தண்ணி கிடையாதா?"

"வேலை நேரத்துல யாருக்குமே கிடையாதே! இதுக்கு மட்டும் சலுகை குடுத்தா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்?"

டாக்டர் மேலாளரையும் ஹாம்ஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு மருந்து எழுதுவது என்று குழம்பினாரோ என்னவோ.

"மூத்திரப்பையில கல்லு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். மாத்திரையை நிறுத்துங்க. எந்நேரமும் தண்ணி இருக்கணும். ஈரமான தூளை தினம் மாத்துங்க. எத்தனை தடவை போகுதுன்னு எழுதி வைங்க."

கூண்டோடு அவர் வாசலுக்கு வந்தபோது, காலர் தைக்கும் அக்கா கட்டையைக் கழுத்தில் மாட்டியபடி குறுக்கே நின்றாள். தன் ஒரே முறையை அவள் இதற்காகச் செலவழித்திருந்தாள்.

"டாக்டர், எனக்கும் இதே வலிதான். அடிவயித்துல பிடிச்சு இழுக்குது. போனா எரியுது."

"ஏம்மா, நான் மிருக டாக்டர்!"

"தெரியும் டாக்டர். மனுஷ டாக்டர்கிட்ட போக லீவு தர மாட்டேங்கிறாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தள்ளிப் போடாம ஆஸ்பத்திரிக்குப் போ. நிறைய தண்ணி குடி. வந்தா அடக்காதே."

அக்கா சிரித்தாள். "அதுக்கு நான் நாப்பத்தொண்ணா பொறந்திருக்கணும்."

கடுகளவு கல் வெளியே வந்தது. சின்ன சார் பிழைத்தது. அன்றே சுற்றறிக்கை: "ஊழியர் எண் 41 விரும்பும் போதெல்லாம் சிறுநீர் கழிக்க இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது. கட்டை தேவையில்லை." அழகாக எழுதி ஒட்டியது நான். நாளுக்கு எத்தனை முறை என்று பதிவேட்டில் கோடு போட்டதும் நான். பதினொரு முறை போன நாளில் மேலாளர் கைதட்டினார். நாற்பது பேரும் கைதட்டினோம், கால்களை இறுக்கிக்கொண்டு.

கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் பஞ்சின்மேல் வைத்து, "எங்கள் அக்கறையின் சின்னம்" என்று அட்டை எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அடுத்த வாரம் காலர் அக்கா எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள். வேர்த்துக் கொட்டியது.

"மேடம், முடியல."

"கட்டை வெளிய போயிருக்கு. வரட்டும்."

கட்டை வருவதற்குள் அக்கா விழுந்துவிட்டாள்.

இருபது நாள் கழித்து, பாதி உடம்பாக வந்தாள். அன்று ஆய்வு நாள். என் கையில் ஒரு மருந்துச் சீசாவைத் திணித்தாள். உள்ளே கொண்டைக்கடலை அளவில் ஒரு கல்.

"உன் கண்ணாடிப் பெட்டியில இடம் இருக்கா, பாருடி."

பஞ்சில் நிறைய இடம் இருந்தது.

வெளிநாட்டு மேடம் வந்தார். எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தார். பெட்டிமேல் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"இந்தப் பெரிய கல்லுமா இதுக்குள்ள இருந்துச்சு?"

மேலாளர் அப்போதுதான் இரண்டாவது கல்லைப் பார்த்தார். ஆனால் அவர் சமயோசிதம் உலகறிந்தது.

"ஆமா மேடம். ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு. நாங்க எல்லாரும் கூடவே இருந்தோம்."

"இத்துனூண்டு உயிர்! எப்படித் தாங்குச்சு?"

பராமரிப்பவள் என்பதால் என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கூடத்தில் நான் வாய் திறந்தது அன்றுதான்.

"ஷிஃப்ட் முடியட்டும்னு பொறுத்துக்கிச்சு, மேடம்."

கூடத்து மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மேடம் ஹாம்ஸ்டரைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், பிறகு ஒவ்வொருவராக எங்களைப் பார்த்தார்.

ஆர்டர் நேரத்தில் மிஷினை நிறுத்துவது எங்கள் நிறுவனத்தில் கடுங்குற்றம். மேலாளர் விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறார். தேதி, நேரம், சாட்சிகள் எல்லாம் எழுதியாயிற்று. "குற்றவாளி யார்?" என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, அதை நிரப்ப என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.