பழகாத வண்டி

கியர் ஸ்கூட்டரில் பழகிய கையில் கியர் இல்லாத ஸ்கூட்டரைக் கொடுக்கக் கூடாது. தலைக்கு எவ்வளவு சொன்னாலும் கை கேட்காது. இதை நான் ஒரு இராணுவ முகாமின் வாசலில், குப்புறக் கிடந்தபடி அறிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் இருந்தது தம்பி சுதனின் பழைய கியர் ஸ்கூட்டர். அதை வைத்திருப்பதும் கிழட்டு எருமையை வைத்திருப்பதும் ஒன்று. பெற்றோலுக்குள் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், பிளக்கைக் கழற்றி மண்தாளால் தேய்க்க வேண்டும், அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்துவிட்டு உதைக்க வேண்டும் (அதற்கும் மசியாவிட்டால் களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய்). ஸ்டார்ட் ஆனதும் எக்ஸிலேட்டரை முறுக்கியபடியே நிற்க வேண்டும். "கைய விட்டியோ, அணைஞ்சிரும் அக்கா," என்று ஓதி ஓதியே தம்பி எனக்கு ஓட்டப் பழக்கினான். நான் ஆசிரியை. அவனிடம் வாங்கிய ஏச்சில் பாதியைக்கூட எந்தப் பிள்ளைக்கும் நான் கொடுத்ததில்லை.

யுத்த காலம். ஒரு நாள் காலை அந்த ஸ்கூட்டரில் டவுணுக்குப் போன தம்பியை வாவிக்கரை முகாமில் பிடித்து வைத்துவிட்டார்களென்று பாடசாலைக்குச் சேதி வந்தது. முகாமுக்குள் போன இளைஞனைப் பொழுது சாய்வதற்குள் தேடிப் போகாவிட்டால் பிறகு தேடிப் பயனில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆண்கள் தேடிப் போனால் அவர்களும் உள்ளேதான். ஆகவே பெண்கள்தான் போவோம். பஸ்ஸும் ஓடவில்லை. என்னோடு படிப்பிக்கும் காத்தான்குடி நசீமா டீச்சர், கட்டாரிலிருக்கும் கணவர் வாங்கிக் கொடுத்த புது ஸ்கூட்டரின் திறப்பை என் கையில் வைத்தார்.

"இதுக்குக் கியர் இல்ல புள்ள. முறுக்கினா ஓடும், பிரேக் புடிச்சா நிக்கும். வேறொண்டும் இல்ல."

"ஓம் ஓம், விளங்குது," என்றேன். (ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில் காது அடைத்திருந்தது.)

வீட்டுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு முகாமுக்கு வண்டியை விட்டேன். ஏறியிருந்து முறுக்கும்போது வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. காவலரணுக்குத் தூரத்திலேயே இறங்கி, இஞ்சினை நிறுத்தி, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான், சீற்றைத் திறந்து பார்த்தான், பிறகு ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்று கையால் சொன்னான்.

பக்கத்தில் நின்றபடியே பிரேக்கைப் பிடித்துப் பட்டனை அமுக்கினேன். இஞ்சின் முனகியதும் என் வலக்கை, அணைந்துவிடுமே என்ற அக்கறையில், முழுக்க முறுக்கியது. இடக்கை பிரேக்கை விட்டது. ஸ்கூட்டர் புறப்பட்டது. நானும் கூடவே கொஞ்ச தூரம் ஓடி, சேலை தடுக்கி விழுந்தேன். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே முகாம் வாசலுக்குள் போய், மணல் மூட்டைகளில் முட்டிச் சரிந்து, கைபிடி மூட்டைக்குள் சிக்கி, சில்லு சுற்ற உறுமிக்கொண்டு கிடந்தது.

ஆளில்லாமல் முகாமுக்குள் வரும் வண்டிக்கு அந்நாட்களில் ஒரே அர்த்தம்தான். விசில் ஒலித்தது. சிப்பாய்கள் நிலத்தில் படுத்துக்கொண்டு துவக்குகளை எங்கள் பக்கம் திருப்பினார்கள். அம்மா மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கரடியனாற்று வயல் வட்டையில் மாடுகளோடு வளர்ந்தவர் அவர்.

"சுடாதீங்க மனே! அது பழகாத வண்டி! குத்தாது!" (மகனே என்பது எங்கள் ஊர் வாயில் மனே.)

தமிழ் விளங்கியவர் அங்கே யாருமில்லை. வண்டிக்குக் கிட்டப் போகவும் யாருமில்லை. அதிகாரி ஏதோ கத்தினார். உள்ளே அடைத்திருந்தவர்களில் ஒருவனைக் கொண்டுவந்து, போய் நிறுத்தடா என்று தள்ளினார்கள். வெடித்தால் தமிழன் ஒருவனோடு போகட்டும் என்ற கணக்கு. ஸ்கூட்டர் தெரிந்தவன் என்று அவர்கள் கொண்டுவந்தது சுதனை.

உதடு வீங்கி, செருப்பில்லாமல் நடந்தான். அது குண்டில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் வேறில்லை. அவன் குனிந்து திறப்பைத் திருப்பினான். சத்தம் நின்றது. நிமிர்ந்தவன் புழுதிக்குள் கிடந்த என்னைக் கண்டான்.

"அக்கா, இது அணையாது. இத என்னத்துக்கு முறுக்கினாய்?"

வார்த்தை விளங்காவிட்டாலும் ஏச்சு விளங்கியது; அதிகாரிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். பொழுது சாயுமுன் தம்பியை விட்டார்கள், அவனுடைய ஸ்கூட்டரோடு. நசீமா டீச்சரின் வண்டியை அவனே தட்டி நிமிர்த்திக் கொடுத்தான், முழு நேரமும் எனக்கு ஏசிக்கொண்டு.

அடுத்த வருடம் அவனை மறுபடியும் கொண்டுபோனார்கள். அம்மாவும் நானும் அதே முகாமுக்குப் போனோம். தூரத்திலேயே இறங்கி, இஞ்சினை நிறுத்தி, தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பிழையும் விடவில்லை. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தோம். சுதன் இன்றுவரை வரவில்லை.

சொந்தக்காரர் கூடினால் அம்மா இன்றும் அந்தக் கதையைச் சொல்வார். "பழகாத வண்டி" என்ற இடத்தில் வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கியபின் அம்மா என் பக்கம் திரும்பி, வேடிக்கைப் பகிடிபோலவே சொல்வார்:

"ரெண்டாந்தரம் போனப்பவும் நீ முறுக்கியிருக்கணும் புள்ள."