சப்போட்டாவின் கனிவான கவனத்திற்கு

"அன்னாசி, நீங்க வித்துட்டு வெளிய வந்துடுங்க. சப்போட்டா, நீங்க மட்டும் அவசரப்படாதீங்க" என்று குளியலறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது. வெளியே துண்டோடு காத்திருந்த மனைவி கதவைத் தட்டினாள்.

"என்னங்க, உள்ள யாரு?"

உள்ளே இருந்தவர் அவளுடைய கணவர்தான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார். காதில் இருந்த இயர்போன் நழுவித் தண்ணீரில் விழுந்ததில், ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒலிபெருக்கியாகிவிட்டது.

"யாருமில்ல, நான்தான்."

"உங்க குரல் எப்பேருந்து இவ்வளவு இனிமையாச்சு?"

கதவைத் திறந்தார். சட்டை கசங்காமல் இருந்தது. தலையில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"யாருங்க அது அன்னாசி?"

"பழம்."

"பழம்னு எனக்கும் தெரியும். அதை எதுக்கு ஒரு பொம்பளை வெளிய வரச் சொல்றா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒரு மாதமாகப் போன் வழியே அந்நியச் செலாவணி வகுப்பில் இருந்தார். ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டுப் பணத்தை வாங்கிவைப்பது, அது ஏறினால் விற்பது. அவ்வளவுதான் பாடம் என்று ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். யார் எவர் என்று ஒருவருக்கொருவர் தெரிய வேண்டாம் என்பதற்காக ஆளுக்கொரு பழத்தின் பெயரையும் வைத்துவிட்டார். வாத்தியாருக்கு வாய்த்தது சப்போட்டா.

இதையெல்லாம் சொல்லிவிடலாம். ஆனால் அவர் யூரோ வாங்கியது பிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணத்தில். அந்தப் பணமும் மாமனார் மகளுக்குக் கொடுத்தது. "புது மாடல் வருதாம், கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்" என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். பழைய பிரிட்ஜோ, முதல் கியரிலேயே மேடேறும் கற்றுக்குட்டி வண்டிபோல இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தது.

"பழ பஞ்ச் கத்துக்கிறேன்" என்றார்.

"என்னது?"

"வெயில் காலமில்லையா? நாலஞ்சு ஜூஸைக் கலந்து, சோடா ஊத்தி, குளுகுளுன்னு. ஞாயித்துக்கிழமை உங்கப்பா அம்மா வர்றாங்களே, ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"அதுக்கு ஏங்க குளியலறையில?"

"சமையலறையில நீ இருந்தியே."

அவள் சந்தேகப்படுவாள் என்று எதிர்பார்த்தார். சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாளெல்லாம் மருந்துக்கடையில் நின்று வேலை பார்ப்பவள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் அவளுக்கு வெந்நீர்கூட வைத்துக் கொடுத்ததில்லை.

"எங்கப்பா அம்மாவுக்காகவா?" என்று கேட்டுவிட்டு, அந்த நிமிடமே போனை எடுத்தாள்.

மாமனார் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்டிக்கு விடுவதையே சூதாட்டம் என்பார். "பணத்தைப் பெருக்கப் போனவன் கடைசியில வீட்டைத்தான் பெருக்குவான்" என்பதை அவர் கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

"அப்பா! உங்க மாப்பிள்ளை உங்களுக்காகப் பழ பஞ்ச் கத்துக்கிறாருப்பா. ஆமா, போன்லயே வகுப்பு. ஒரு மேடம் நடத்துறாங்க. பழத்துப் பேரையெல்லாம் சொல்லிச் சொல்லி... அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

போனை வைத்துவிட்டு வந்தாள். "அப்பா பேசவே இல்லைங்க. நெகிழ்ந்துட்டாரு போல."

மறுநாள் வகுப்பில் யூரோ இறங்கியிருந்தது.

ஆசிரியை சொல்லிக்கொடுத்த முதல் விதி, பிரேக். வாங்கும்போதே 'இந்த அளவுக்கு நஷ்டம் வந்தால் தானாக விற்றுவிடு' என்று குறித்துவைத்துவிட வேண்டும். மற்ற பழங்களுக்கு அது புரியவே நேரமானது. வாத்தியாருக்குச் சொன்ன மாத்திரத்தில் புரிந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலேயே தனியாக ஒரு பிரேக் உண்டு.

விலை அந்தக் குறியை நெருங்கியபோதுதான், பிரேக்கைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். இப்ப வித்துடட்டுமா?" என்று கேட்டார்.

ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

'சப்போட்டாவின் கனிவான கவனத்திற்கு: விழுவது எழுவதற்கே. பிரேக்கை எடுத்துவிடவும். விற்க வேண்டாம். இப்படிக்கு, தர்பூசணி.'

தர்பூசணி ஒருநாளும் பேசியதில்லை, எழுதுவதோடு சரி. ஆனால் எழுதினால் கல்வெட்டு. பெரிய வங்கியில் பெரிய நாற்காலியில் தங்க பிரேம் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாளாகத்தான் இருக்க வேண்டும் என்று வாத்தியார் முடிவு கட்டியிருந்தார். இவ்வளவு பெரிய மனுஷி, போயும் போயும் ஒரு சப்போட்டா மேல் அக்கறை காட்டுகிறாளே என்று உருகிப்போய், பிரேக்கை எடுத்துவிட்டார்.

வண்டி இறக்கத்தில் போவதுபோல யூரோ போயிற்று.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மாவுக்குக் கை வலியாம், துவைச்சுத் துவைச்சு. வாஷிங் மெஷின் வாங்குங்கன்னா, அப்பா புது மாடல் வரட்டும்கிறாராம். ஆம்பளைங்க எல்லாம் ஒரே அச்சுங்க."

"ஆமாமா" என்றார் வாத்தியார், போனை மறைத்தபடி.

வெள்ளிக்கிழமை காலையில் விற்றிருந்தால் முக்கால் பிரிட்ஜாவது தேறியிருக்கும். 'சப்போட்டாவின் கனிவான கவனத்திற்கு: நிதானம்' என்றது தர்பூசணி. நிதானமாக இருந்தார். சாயங்காலத்துக்குள் அரை பிரிட்ஜ் ஆயிற்று. சனி, ஞாயிறு சந்தைக்கு விடுமுறை. இனி அழுதாலும் விற்க முடியாது.

சரி, பஞ்சையாவது உருப்படியாகப் போடுவோம் என்று சனிக்கிழமை பயிற்சிக் கார் நிறையப் பழம் வாங்கினார். பின்சீட்டில் ஆரஞ்சுகள் உருண்டு விளையாட, முன்னால் கற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒவ்வொரு திருப்பத்திலும், "சார், எதையோ இடிச்சிட்டேனா?" என்று கேட்டுக் கேட்டு அழுதேவிட்டார்.

வாங்கியதையெல்லாம் பிரிட்ஜுக்குள் திணித்தார். கதவு மூடவில்லை. முழங்காலால் ஓர் உதை கொடுத்து மூடினார். பிரிட்ஜ் ஒருமுறை நீளமாகப் பெருமூச்சு விட்டது. பிறகு, வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாக, வீடு நிசப்தமானது.

"என்னங்க சத்தத்தையே காணோம்?" என்றாள் மனைவி.

"ரிப்பேர் பண்ணிட்டேன்" என்றார் அவர்.

ஞாயிறு காலையில் சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். பழங்கள் வெதுவெதுவென்றிருந்தன. வாத்தியார் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

ஆரஞ்சையும் அன்னாசியையும் பிழிந்து ஜாடியில் ஊற்றி ருசி பார்த்தார். பல் கூசியது. சர்க்கரை போட்டார், பாகாகிவிட்டது. எலுமிச்சை பிழிந்தார்; மறுபடியும் கூசியது. இன்னும் இரண்டு ஆரஞ்சு, இன்னொரு கை சர்க்கரை. ஜாடி போதாமல் குண்டானுக்கு மாற்றினார். குண்டானும் போதாமல் ஒரு புது பிளாஸ்டிக் வாளியைத் தேடி எடுத்தார். நஷ்டத்துக்கு மேல் நஷ்டத்தை ஊற்றக் கூடாது என்பது ஆசிரியை சொன்ன இரண்டாவது விதி. அது வாளி நிறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் ஊற்ற வேண்டிய சோடாவை முதலிலேயே ஊற்றியிருந்தார். அதன் உயிர் எப்போதோ போய்விட்டிருந்தது.

இனி பனிக்கட்டி ஒன்றுதான் கதி. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் நிறைய வாங்கிவந்து வாளியில் கொட்டினார். கரையக் கரைய ஒரு வாசனை எழுந்தது. எதிர்வீட்டுக்காரி அரைத்த பூண்டையும் அதே பிரீசரில்தான் உறையவைப்பாள்.

வாத்தியார் அகப்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி உள்ளே வந்தாள். செத்த பிரிட்ஜைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்." பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த அன்னாசி நாரைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "பிரிட்ஜ் போனாப் போகுது. எங்கப்பா குடுத்த பணம் பத்திரமா இருக்குல்ல, நாளைக்கே வாங்கிக்கலாம். நீங்க எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

அதற்கு அவள் அகப்பையால் தலையில் ஒன்று போட்டிருக்கலாம். அழைப்பு மணி அடித்தது.

மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்தார்கள். மனைவி நல்ல கண்ணாடி டம்ளர்களை எடுத்துவந்து பெருமையோடு நீட்டினாள். மாமியார் ஒரு வாய் குடித்தார். அதை விழுங்குவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ஏம்மா, இதுல பூண்டு போடுவாங்களா?"

"புது முறைம்மா. வகுப்புல சொல்லிக்குடுத்தது."

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர். டம்ளரை அண்ணாந்து, ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கண்ணில் நீர் நின்றது.

"பிரமாதம்" என்றார். "இன்னொரு டம்ளர் குடும்மா."

மனைவிக்கு வாயெல்லாம் பல். மாமியார் புருஷனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பா, ஒரு விஷயம்" என்று மனைவி தயங்கினாள். "பழைய பிரிட்ஜ் நின்னுபோச்சு. புதுசு இன்னும் வரல..."

வாத்தியாருக்குக் கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடியது.

"வரும்மா, வரும். புது மாடல்னா கொஞ்சம் தாமதமாத்தான் வரும்" என்றார் மாமனார். பிறகு எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "மாப்பிள்ளை, அந்தப் பிரிட்ஜைக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்."

லைசென்ஸ் தேர்வில் கம்பத்தை இடித்துவிட்டு இறங்கி வருகிறவரைப்போல வாத்தியார் பின்னால் போனார். இருவரும் சமையலறைக்குள் நுழைந்ததும் மாமனார் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

"மாமா, நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்..."

மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். கதவுப் பக்கம் காதைக் கொடுத்தார். வெளியே அம்மாவும் மகளும் பூண்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். மருமகன் காதருகே குனிந்து, முப்பது வருஷம் பிளாட்பாரத்தை அதிரவைத்த குரலை முடிந்தமட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"சப்போட்டாவின் கனிவான கவனத்திற்கு: நாளைக்குச் சந்தை திறந்ததும் பதறிப்போய் வித்துத் தொலைச்சிடாதீங்க மாப்பிள்ளை, உங்க மாமியாரோட வாஷிங் மெஷினும் அந்த யூரோவுலதான் இருக்கு."