சாரைப்பாம்பு மரகதத்தின் பன்னிரண்டு சொற்கள்

ஒரு காட்டில் எல்லா வசதியும் வந்துவிட்டிருந்தது. சிக்னல் மட்டும் ஆலமரத்தடியில்தான் கிடைத்தது.

அந்தக் காட்டில் மரகதம் என்று ஒரு சாரைப்பாம்பு இருந்தது. காட்டோரத்து வயல்களில் எலி பிடிப்பது அதன் வேலை. எலிகள் குறைந்தால் நெல் மிஞ்சும் என்பதால் தினைக்குருவிகள் அதற்குக் கூலி கொடுத்தன. கூலி மின்மினிக் காசாக வந்தது.

மின்மினிக் காசைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அதைத் தொட முடியாது, முகர முடியாது, விழுங்க முடியாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் காட்டிலுள்ள காக்கைகள் அத்தனையும் ஒன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும். ஒரு காக்கை மாற்றிச் சொன்னால் மற்ற காக்கைகள் அதைக் கொத்திவிடும். அந்த மனப்பாடத்துக்குத்தான் பணம் என்று பெயர். புரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அதைச் சேர்த்து வைத்திருந்த விலங்குகளுக்கும் புரியவில்லை.

மரகதத்தின் வயிற்றில் முட்டைகள் இருந்தன. முட்டையிட ஒரு புற்று வேண்டும். முன்பெல்லாம் கறையான்கள் கட்டி வைத்த புற்றில் பாம்புகள் கேட்காமலே குடியேறிவிடும். இப்போது கறையான்கள் விழித்துக்கொண்டன. மனை பிரித்து, கலர் கொடி நட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு விற்கின்றன. மரகதமும் ஒரு புற்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தது.

"மழைக்கு முன்னாடி மீதியக் குடுத்துடுங்கம்மா," என்றது கறையான் மேஸ்திரி. "கீரி சார் முழுப் பணத்தோட வந்து கேட்டுட்டுப் போனாரு. உங்களுக்காகத்தான் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன்."

"கீரியா? அந்தப் புத்துலயா?"

"அவருக்கும் குடும்பம் இருக்கில்லம்மா."

மீதிப் பணம் மரகதத்திடம் தயாராகத்தான் இருந்தது. எல்லாம் போனில், பணப்பைச் செயலிக்குள் இருந்தது. அந்தச் செயலி முதல் நாளே பன்னிரண்டு சொற்களைக் கொடுத்து எச்சரித்திருந்தது: "இவற்றை யாரிடமும் சொல்லாதீர்கள். போனில் வைக்காதீர்கள். படம் எடுக்காதீர்கள். தொலைத்துவிட்டால் எங்களாலும் உதவ முடியாது."

மரகதம் அன்று வெகுநேரம் யோசித்தது. மண்ணில் எழுதினால் மழை அழிக்கும். மரத்தில் எழுதினால் குரங்கு படிக்கும். பாம்புக்கென்று சொந்தமாக இருப்பது உடம்பு ஒன்றுதான். எனவே ஒரு கருவேல முள்ளின்மேல் நெளிந்து நெளிந்து ஊர்ந்து, கழுத்திலிருந்து வால்வரை, தன் அடிவயிற்றிலேயே பன்னிரண்டு சொற்களையும் கீறிக்கொண்டது. வலித்தது. ஆனால் பாம்பின் அடிவயிற்றை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்? இதைவிடப் பத்திரமான இடம் அந்தக் காட்டிலேயே கிடையாது.

அடுத்த மாதம் அது சட்டை உரித்தது.

உரித்ததும் உடம்பு பளபளவென்று இருந்தது. பசியும் இருந்தது. சட்டையைச் சூரைப் புதரிலேயே விட்டுவிட்டு எலி தேடிப் போய்விட்டது. எந்தப் பாம்பும் உரித்த சட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வயிறு நிறைந்த பிறகு, மேஸ்திரிக்குப் பணம் அனுப்பலாம் என்று போனை முகத்துக்கு நேரே வைத்தது.

"நீங்கள் மரகதம் இல்லை," என்றது செயலி.

"நாந்தான்," என்றது மரகதம்.

"முகம் பொருந்தவில்லை. பன்னிரண்டு சொற்களை உள்ளிடவும்."

மரகதம் வயிற்றைப் புரட்டிப் பார்த்தது. புத்தம் புதிய வெளிர்மஞ்சள் செதில்கள். ஒரு கீறல்கூட இல்லை. அலறியடித்துக்கொண்டு புதருக்குப் போனது. சட்டையைக் காணோம்.

பணப்பைச் செயலியின் வாடிக்கையாளர் சேவை ஒரு பாறை இடுக்கில் இருந்தது. அங்கே ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. மிக நல்ல பல்லி. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

"வணக்கம். உங்கள் பிரச்சினை எங்களுக்கு முக்கியமானது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தீர்களா?"

"பாத்துட்டேங்க. முகம் பொருந்தலைன்னு சொல்லுது. நான் சட்டை உரிச்சுட்டேன்."

"உங்கள் சிரமம் புரிகிறது." பல்லி 'ச்ச் ச்ச்' என்றது. அது அனுதாபமா, சகுனமா என்று தெரியவில்லை. "பழைய முகத்துக்கு மாறிவிட்டு முயற்சி செய்தீர்களா?"

"அது எப்படிங்க மாறுறது?"

"போனை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?"

"எல்லாம் பண்ணிட்டேன். மழை வரப்போகுதுங்க. வயித்துல முட்டை இருக்கு. உங்களுக்கு மேல யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க!" மரகதத்தின் குரல் உயர்ந்தது. அதையும் மீறி ஒரு சீறல் வந்துவிட்டது.

"இதோ மேலதிகாரியிடம் இணைக்கிறேன். தயவுசெய்து காத்திருங்கள்," என்ற பல்லி, வாலை மட்டும் அங்கேயே கழற்றிவிட்டு இடுக்குக்குள் போய்விட்டது.

வால் துடித்துக்கொண்டிருந்தது. மரகதம் சிறிது நேரம் அதனிடமே விவரத்தைச் சொன்னது. வால் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் ஆலமரத்தடிக்குப் போய், காட்டுவாசிகள் குழுவில் எழுதியது: "என் பணப்பை திறக்கவில்லை. யாராவது உதவுங்கள்." எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு நரி நின்றது. கழுத்தில் அட்டை தொங்கியது. 'பூபாலன், உதவி மையம்' என்று அதில் இருந்தது. எதனுடைய உதவி மையம் என்று இல்லை.

"அக்கா, கவலைய விடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அந்தப் பன்னெண்டு சொல்ல மட்டும் சொல்லுங்க."

"அது இருந்தா நான் ஏன் தம்பி உதவி கேக்கறேன்?"

நரி திகைத்தது. அதன் தொழிலில் சொல்ல மறுத்தவர்கள் உண்டு. சொல்லிவிட்டு அழுதவர்கள் உண்டு. சொல்வதற்கே ஒன்றுமில்லாத ஆளை அது பார்த்ததில்லை.

"உள்ள எவ்ளோக்கா இருக்கும்?"

"ஒரு புத்து வாங்கற அளவுக்கு."

நரி தொங்கிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "அப்போ தேடித்தான் ஆகணும்," என்றது.

அன்றிலிருந்து பூபாலன் உழைத்த உழைப்பை அந்தக் காடு அதற்குமுன் கண்டதில்லை. உரித்த அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டது. ஒவ்வொரு முள்ளாக முகர்ந்து பார்த்தது. வீட்டுக்கு வந்தால் தூக்கத்தில் "சட்டை, சட்டை" என்றது. அதன் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஊரை ஏமாத்திப் பொழைக்கிற ஆள் பண்ற வேலையா இது? இதுக்கு யோக்கியமா எங்கயாவது வேலைக்குப் போயிருக்கலாம். ஞாயித்துக்கிழமையாவது லீவு இருந்திருக்கும்."

கடைசியில் சட்டை ஒரு மருதமரப் பொந்தில் இருப்பது தெரிந்தது. மைனா ஒன்று அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, மெத்தையாக விரித்து, அதன்மேல் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"தர மாட்டேன்," என்றது மைனா. "இது கெடக்கறதாலதான் உள்ள பாம்பு இருக்குன்னு நெனச்சு எவனும் எட்டிப் பாக்காம இருக்கான்."

"அது என் சட்டைங்க," என்றது மரகதம், கீழேயிருந்து.

"நீ பேசாத. உன்ன மாதிரி ஆளுங்களுக்குப் பயந்துதான் நான் இவ்ளோ உசரத்துல கூடு கட்டியிருக்கேன்."

நரி கெஞ்சிப் பார்த்தது. பிறகு, எந்த நரியும் செய்யாத காரியத்தைச் செய்தது. நல்லபாம்பின் புற்று வாசலில் போய்ப் படுத்துக் கும்பிட்டு, அதன் பழைய சட்டை ஒன்றை வாங்கி வந்தது.

"நல்லபாம்புதா?" மைனா இறங்கி வந்து கொத்திப் பார்த்தது. "முழுசா இருக்கே. படத்துல குறிகூடத் தெரியுது. இதக் காட்டுனா பருந்தே யோசிக்கும். சரி, உங்க குப்பைய எடுத்துட்டுப் போங்க."

மேலேறிப் போய்த் துண்டுகளை உதறியது. நரி காற்றில் பறந்தவற்றைத் துரத்திக்கொண்டு ஓடியபோது மைனா மெதுவாகக் கேட்டது: "அவன் நரின்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றது மரகதம்.

சொற்கள் கிடைத்தால் மட்டும் போதாது. வரிசையும் சரியாக இருக்கவேண்டும். பூபாலன் துண்டுகளை ஒரு பாறைமேல் பரப்பியது. கிழிசலோடு கிழிசல், செதிலோடு செதில் என்று பொருத்திக்கொண்டே வந்தது. நத்தை, ஊஞ்சல், மிளகு, குடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசிச் சொல்லின்மேல் மைனாவின் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தோல் கிழிந்துவிடும். நரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அதை நாக்கால் நக்கியே எடுத்தது. திருட்டுத் தொழிலில் இந்த அளவுக்கு இறங்கி வேலை செய்தவர்கள் அதிகம் இல்லை.

"அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. பாதுகாப்பு விதி. அவங்கவங்க சொல்ல அவங்கவங்க பாக்கக் கூடாது."

"அப்படியா தம்பி," என்று மரகதம் திரும்பிக்கொண்டது. பாம்பின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதும், அவற்றுக்கு இமை இல்லாததும் நரிக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நரி தன் போனில் பன்னிரண்டு சொற்களையும் தட்டியது. பணப்பை திறந்தது. உள்ளே பூஜ்யம்.

நரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு எழுந்து கத்தியது.

"அக்கா! எவனோ நம்மள ஏமாத்திட்டான்!"

"நம்மளையா?"

"எந்தத் திருட்டுப் பயலோ எனக்கு முன்னாடி, அதாவது உங்களுக்கு முன்னாடி, வழிச்சு எடுத்துட்டான். இந்தக் காட்டுல நேர்மையே இல்லாமப் போச்சுக்கா! வாங்க, காக்காங்ககிட்டக் கணக்குக் கேப்போம். எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்." அதன் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

ஆலமரம் முழுக்கக் காக்கைகள். தலைமைக் காக்கை, மரகதத்தின் கணக்கு என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டது. எல்லாக் காக்கைகளும் ஒரே குரலில், காடே கேட்கும்படி ஒப்பித்தன.

"குருவிகள் கொடுத்தது, வரவு! கறையானுக்கு முன்பணம், செலவு! குருவிகள் கொடுத்தது, வரவு! தவளை, இருப்பிடத்துக்கே கொண்டுவந்து கொடுத்த வகையில், செலவு! மறுபடியும் தவளை, செலவு! மறுபடியும் தவளை, செலவு!"

சிக்னலுக்காக வந்திருந்த விலங்குகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. "மசக்கை," என்று முனகிக்கொண்டே மரகதம் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டது.

"அவ்வளவுதான்," என்றது தலைமைக் காக்கை. "அதுக்கப்புறம் ஒரு காசு வெளிய போகல. பணம் அப்படியே இருக்கு."

"பொய்! என் போன்ல பூஜ்யம் காட்டுது!"

"உன் போன் எந்தக் காட்டுக் காக்காவக் கேக்குதுன்னு பாரு."

நரி பார்த்தது. போன மாதம் அது வேறொருவருடைய பணப்பை விஷயமாகப் பக்கத்துக் காட்டுக்குப் போயிருந்தது. போன் இன்னும் அந்தக் காட்டுக் காக்கைகளையே விசாரித்துக்கொண்டிருந்தது. அவற்றுக்கு மரகதம் யாரென்றே தெரியாது. நரி காட்டை மாற்றியது. திரையில் முழுப் பணமும் மின்னியது.

"இருக்குக்கா," என்றது நரி, மிக மென்மையாக. அதன் விரல் 'அனுப்பு' என்ற இடத்தை நோக்கி நகர்ந்தது. தன் கணக்குக்குத்தான்.

மரகதமும் சும்மா இருக்கவில்லை. பாறைமேல் பார்த்த பன்னிரண்டு சொற்களையும் சுருளுக்குள் வைத்தே வால்நுனியால் தன் போனில் தட்டி முடித்திருந்தது. மேஸ்திரியின் பெயரைப் போட்டு அதுவும் 'அனுப்பு' என்பதை அழுத்தியது.

இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் காட்டின: "காக்கைகளுக்கான கூலி இந்தப் பணப்பையில் இல்லை. கூலி வடைக் காசாக மட்டுமே பெற்றுக்கொள்ளப்படும்."

மரகதத்திடம் வடைக் காசு என்று ஒன்று கிடையாது. நரியிடம் இருந்தது. இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கூலி குறைந்ததால் கெட்டது என்று ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், தன் சேமிப்பில் இருந்த வடைக் காசு அத்தனையையும் மரகதத்தின் பணப்பைக்கு அனுப்பியது.

"பூபாலனிடமிருந்து மரகதத்துக்கு, வடைக் காசு, வரவு!" என்று கரைந்தன காக்கைகள்.

நரி உதட்டை நக்கிக்கொண்டு விரலைத் தூக்கியது. அது இறங்குவதற்குள் காக்கைகள் மறுபடி கரைந்தன.

"மரகதத்திடமிருந்து கறையான் மேஸ்திரிக்கு, மின்மினிக் காசு, மொத்தமும், செலவு!"

நரியின் விரல் வெறும் பூஜ்யத்தின்மேல் இறங்கியது.

"அக்கா," என்றது நரி.

"என்ன தம்பி?"

"என் வடைக் காசு?"

"அதுவும் போயிடுச்சுப்பா. கூலி அதிகமாக் குடுத்தா உடனே அனுப்புவோம்னு செயலி சொல்லுச்சு. சரின்னு மொத்தத்தையும் குடுத்துட்டேன்."

நரி மரத்தை அண்ணாந்து பார்த்து ஊளையிட்டது. "நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல? திருப்பி வாங்கிக் குடுங்க!"

"பாத்தோம்," என்றது தலைமைக் காக்கை. "சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம். அதுக்கு மேல எங்களுக்கு வேலை கிடையாது."

முதல் மழை விழுவதற்குள் மரகதம் புற்றுக்குள் குடியேறிவிட்டது. முட்டைகள் நனையவில்லை. கீரி, மேஸ்திரியை மனதாரத் திட்டிவிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் வளை தேடிப் போனது. அந்தப் பன்னிரண்டு சொற்களும் பூபாலனுக்கு இன்றும் தலைகீழாகத் தெரியும். அந்தப் பைக்குள்தான் ஒன்றுமில்லை.

ஆனால் திறக்காத பணப்பையைத் திறந்து காட்டிய ஒரே ஆள் என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. முயலும் மானும் முள்ளம்பன்றியும் தத்தம் போன்களோடு அதன் குகை வாசலில் வரிசையில் நின்றன. பட்டது போதும், இனித் திருட்டே வேண்டாம் என்று நரி முடிவுசெய்தது. முறைப்படி பலகை மாட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, நேர்மையாகத் தொழில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விட்டது.

அதன்பிறகு அது ஒரு பணப்பையைக்கூடத் திறந்ததில்லை.

நீதி: உதவி கேட்கப் போகும்போது, ஆள் நல்லவரா என்று பார்த்து நேரத்தை வீணாக்காதே. உன் பணத்தின்மேல் உன்னைவிட அதிக ஆசை உள்ளவரா என்று மட்டும் பார்.